செவிலியர்களின் ஹக்: நாம் தீர்க்காத கடன்

அல்ஹம்துலில்லாஹ். நோயையும் படைத்து, அதற்கு நிவாரணத்தையும் படைத்த அல்லாஹ் ஒருவனுக்கே எல்லாப் புகழும். ஸலாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான கண்மணி நாயகம் முஹம்மது முஸ்தஃபா (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள், அவர்களை அடியொற்றி நடக்கும் நல்லோர் அனைவர் மீதும் என்றென்றும் உண்டாவதாக. ஆமீன்.

அல்லாஹ்வை அஞ்சி வாழுமாறு முதலில் எனக்கும் பிறகு உங்களுக்கும் நான் உபதேசம் செய்துகொள்கிறேன்.

ஒவ்வொரு ஜும்ஆவிலும் துஆவுக்கு முன்னால் என் கைக்குச் சில துண்டுச் சீட்டுகள் வந்து சேரும். "இன்னாருக்கு ஆபரேஷன், துஆ செய்யுங்கள்." "இன்னாருடைய தாயார் ஐசியுவில் இருக்கிறார்கள்." "குழந்தைக்குக் காய்ச்சல் இறங்கவில்லை." எல்லோருக்காகவும் துஆ செய்கிறோம். சில வாரங்கள் கழித்து அதே வீட்டிலிருந்து இன்னொரு சீட்டு வரும்: "சுகமாகி வீட்டுக்கு வந்துவிட்டார்கள், அல்ஹம்துலில்லாஹ்." சிலர் டாக்டருடைய பெயரைச் சொல்லி அவருக்கும் துஆ செய்யச் சொல்வார்கள்.

எத்தனையோ வருடமாக இந்தச் சீட்டுகளை வாங்கிப் படிக்கிறேன். "பத்து நாள் இரவு பகலாக என் தகப்பனாரைப் பார்த்துக்கொண்ட நர்ஸுக்காக துஆ செய்யுங்கள்" என்று ஒரு சீட்டுகூட இதுவரை வந்ததில்லை. அதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

பத்து நிமிடமும் இருபத்து நான்கு மணி நேரமும்

டாக்டர் காலையில் ஒருமுறை ரவுண்ட்ஸ் வருகிறார். நம் கட்டிலருகே ஐந்து நிமிடமோ பத்து நிமிடமோ நிற்கிறார். அவர் எழுதிவிட்டுப் போனதை மீதி நேரமெல்லாம் நடத்திக் கொடுப்பது யார்? வேளைக்கு மாத்திரை கொடுப்பது, ஊசி போடுவது, டிரிப் மாற்றுவது, காய்ச்சல் பார்ப்பது, பிரஷர் பார்ப்பது, சீழ் பிடித்த புண்ணைக் கழுவிக் கட்டுப் போடுவது, சிறுநீர்ப் பையில் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று அளந்து எழுதுவது, படுக்கைப் புண் வராமல் நோயாளியைப் புரட்டிப் படுக்க வைப்பது. பெற்ற பிள்ளையே மூக்கைப் பொத்திக்கொண்டு வராந்தாவுக்குப் போய்விடுகிற நேரத்தில், யாரோ பெற்ற ஒரு பெண் முகம் சுளிக்காமல் அங்கே நிற்கிறார்.

பொது வார்டில் ஐந்து நோயாளிகளுக்கு ஒரு செவிலியர், மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மூன்று நோயாளிகளுக்கு ஒரு செவிலியர் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் வரையறை. அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனால், இரவு பத்து மணிக்கு மேல் வார்டில் எத்தனை கட்டில், எத்தனை நர்ஸ் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். "கூப்பிட்டால் உடனே வருவதில்லை" என்று நாம் கோபப்படுகிறோமே, அந்தக் கேள்விக்குப் பாதி பதில் அந்த எண்ணிக்கையிலேயே கிடைத்துவிடும். ஆள் போதவில்லை என்பது அந்தப் பெண் செய்த குற்றமா? அதை நிர்வாகத்திடம் கேட்க வேண்டும். ஆனால் நிர்வாகம் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. கண்ணுக்குத் தெரிகிறவர் மீது கோபத்தைக் கொட்டிவிடுகிறோம்.

மஸ்ஜிதுந் நபவியில் ஒரு கூடாரம்

இந்த வேலையை இழிவாக நினைப்பவர்கள் நம்மில் இருக்கிறார்கள். அவர்கள் நபி (ஸல்) அவர்களின் பள்ளிவாசலை ஒருமுறை நினைத்துப் பார்க்கட்டும்.

ஹிஜ்ரி 5-ல் அகழ் யுத்தம் நடந்தது. அன்ஸாரிகளின் தலைவர் ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்களின் கையில் அம்பு பாய்ந்து முக்கியமான இரத்தக் குழாய் அறுபட்டது. எங்கே கொண்டு போனார்கள் தெரியுமா? காயம்பட்டவர்களுக்கு மருத்துவம் பார்த்துக்கொண்டிருந்த ருஃபைதா (ரலி) என்ற பெண்மணியிடம். அவருக்கான கூடாரம் மஸ்ஜிதுந் நபவியிலேயே இருந்ததாக வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். காலையிலும் மாலையிலும் நபி (ஸல்) அவர்கள் அந்த வழியாகச் சென்று ஸஅதிடம் நலம் விசாரித்த செய்தி இமாம் புகாரி அவர்களின் அல்அதபுல் முஃப்ரத் நூலில் இருக்கிறது. தொழுகை நடக்கும் இடத்தருகே ஒரு நர்ஸுக்கு இடம் இருந்தது, ஜமாஅத்தார்களே!

உம்மு அத்திய்யா (ரலி) அவர்கள் ஏழு யுத்தங்களில் கலந்துகொண்டவர்கள். முகாமில் தங்கி, சமைத்துக் கொடுத்து, காயம்பட்டவர்களுக்கு மருந்திட்டு, நோயாளிகளைப் பராமரித்ததாக அவர்களே சொல்கிறார்கள். இது முஸ்லிமில் பதிவாகியிருக்கிறது. ருபைய்யிஉ பின்த் முஅவ்வித் (ரலி) அவர்கள் போர்க்களத்தில் தண்ணீர் கொடுத்ததையும், காயம்பட்டவர்களுக்குச் சிகிச்சை செய்ததையும் புகாரியில் படிக்கிறோம்.

இன்னொன்றையும் கேளுங்கள். பத்ர் யுத்தத்துக்கு எல்லோரும் புறப்படும்போது உஸ்மான் (ரலி) அவர்கள் புறப்படவில்லை. நபியவர்களின் மகளார், தம் மனைவி ருகைய்யா (ரலி) அவர்கள் நோயுற்றிருந்தார்கள். அவர்களைப் பார்த்துக்கொள்வதற்காக நபியவர்களே உஸ்மானை மதீனாவில் விட்டுச் சென்றார்கள். பத்ரில் கலந்துகொண்ட ஒருவருக்கு என்ன கூலியோ, என்ன பங்கோ, அது உஸ்மானுக்கும் உண்டு என்றும் அறிவித்தார்கள். இதுவும் புகாரியில் உள்ளது. நோயாளியின் தலைமாட்டில் விழித்திருப்பதன் மதிப்பை இதற்கு மேல் எப்படிச் சொல்ல முடியும்?

நாம் நடந்துகொள்ளும் விதம்

இப்போது நம் நிலையைப் பார்ப்போம். பார்வை நேரத்தில் ஒரு கட்டிலைச் சுற்றிப் பதினைந்து பேர். "ஒருத்தர் மட்டும் இருங்க" என்று நர்ஸ் சொன்னால், "நாங்க யாருன்னு தெரியுமா?" என்கிறோம். சர்க்கரை நோயாளிக்குத் திருட்டுத்தனமாக பிரியாணியும் இனிப்பும் கொடுத்துவிட்டு, சர்க்கரை ஏறிப்போனால் "நீங்க ஒழுங்கா மருந்து கொடுக்கல" என்று அவரையே கேட்கிறோம். நரம்பு கிடைக்காமல் இரண்டாவது முறை ஊசி குத்த வேண்டி வந்தால், "படிச்சுட்டுத்தான் வந்தியா?" என்று கேட்கிறோம். தன் வீட்டுப் பெண்ணை யாராவது அப்படி ஒருமையில் பேசினால் சும்மா இருப்போமா? போனை எடுத்து முகத்துக்கு நேராக வீடியோ பிடித்து, வாட்ஸ்அப்பில் போட்டு ஊரெல்லாம் அனுப்புகிறோம்.

ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஒரு ஹதீஸ் முஸ்லிமில் வருகிறது. காய்ச்சலில் நடுங்கிக்கொண்டிருந்த ஒரு பெண்மணியிடம் நபி (ஸல்) அவர்கள் சென்றார்கள். அவர் காய்ச்சலைத் திட்டினார். காய்ச்சலைத் திட்டாதே, கொல்லனின் உலை இரும்பின் துருவைப் போக்குவதுபோல அது மனிதனின் பாவங்களைப் போக்குகிறது என்று நபியவர்கள் தடுத்தார்கள். நோயையே திட்டக்கூடாது என்று தடுத்த மார்க்கம் இது. அந்த நோயைப் போக்குவதற்காக நிற்கும் மனுஷியைத் திட்ட அது அனுமதிக்குமா?

கொரோனா காலத்தை மறந்துவிட்டோமா? 2020 மார்ச் 22 அன்று மாலை நாடே வாசலில் நின்று மருத்துவப் பணியாளர்களுக்காகக் கை தட்டியது. அதே நாட்களில்தான் பல ஊர்களில், "நீ ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாய், வீட்டைக் காலி செய்" என்று வாடகை வீட்டிலிருந்த நர்ஸுகளிடம் சொன்னார்கள். சரியாக ஒரு மாதத்தில், ஏப்ரல் 22 அன்று, இவர்களைத் தாக்குபவர்களையும் தொல்லை கொடுப்பவர்களையும் தண்டிக்க மத்திய அரசு அவசரச் சட்டம் கொண்டுவர வேண்டியதாயிற்று. தமிழ்நாட்டில் அதற்கும் முன்பே, 2008-லேயே, மருத்துவப் பணியாளர்களையும் மருத்துவமனைகளையும் தாக்குவதற்கு எதிராகச் சட்டம் போட்டாகிவிட்டது. நம்மைக் கவனித்துக்கொள்கிறவர்களை நம்மிடமிருந்து காப்பாற்றச் சட்டம் தேவைப்படுகிறது என்றால், வெட்கப்பட வேண்டியவர்கள் யார்?

பக்கத்து மாநிலமான கேரளாவில் 2018 மே மாதம் நிபா வைரஸ் பரவியது. கோழிக்கோடு மாவட்டம் பேராம்பிரா தாலுகா ஆஸ்பத்திரியில் லினி என்ற சகோதரி நர்ஸாக இருந்தார். நிபா நோயாளியைக் கவனித்ததில் அவருக்கும் தொற்றியது. கணவர் பஹ்ரைனில் வேலை பார்த்தார். வீட்டில் இரண்டு சின்னப் பிள்ளைகள். இனிப் பார்க்க முடியாது என்று தெரிந்து, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும்படி கணவருக்கு ஒரு கடிதம் எழுதிவிட்டு அவர் இறந்துபோனார். அதற்குப் பிறகு என்ன நடந்தது? அதே ஆஸ்பத்திரி நர்ஸுகள் பஸ்ஸில் ஏறினால் பக்கத்தில் உட்கார ஆள் இல்லை. ஆட்டோக்காரர்கள் ஏற்றத் தயங்கினார்கள். உயிரைக் கொடுத்தவருடைய தோழிகளுக்கு ஊர் கொடுத்த மரியாதை இது.

நானும் அதில் ஒருவன்

இதையெல்லாம் மிம்பரில் நின்று உங்களுக்கு மட்டும் சொல்லிவிட்டு இறங்கிவிட என்னால் முடியாது. என்னைப் பற்றியும் சொல்லியாக வேண்டும்.

சில வருடங்களுக்கு முன்னால் என் அத்தாவுக்குச் சர்க்கரை முற்றி, காலில் புண் வந்து, ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். இரவு நான்தான் கூட இருந்தேன். ஒருநாள் இரவு இரண்டு மணி இருக்கும். கண் விழித்துப் பார்க்கிறேன், டிரிப் தீர்ந்துவிட்டது. டியூபில் இரத்தம் மேலே ஏறிக்கொண்டிருக்கிறது. பதறிப்போய் நர்ஸ் உட்காரும் மேஜைக்கு ஓடினேன். அங்கே யாரும் இல்லை. வார்டின் மறுகோடியில் ஒரு கட்டிலைச் சுற்றித் திரை போட்டிருந்தார்கள். அங்கிருந்து அந்தச் சகோதரி வெளியே வந்தார். அவரைப் பார்த்ததும் நான் கத்தினேன். "சம்பளம் வாங்குறீங்கல்ல? எங்க அத்தாவுக்கு ஏதாவது ஆச்சுன்னா நீயா பதில் சொல்லுவ?" வார்டே எழுந்துவிட்டது. தலையில் தொப்பி, உடம்பில் ஜுப்பா, மதரஸாவில் ஏழு வருடம் ஓதிய ஆலிம். நற்குணத்தைப் பற்றி எத்தனையோ ஜும்ஆக்களில் பேசிய வாய்தான் அது.

அவர் ஒரு வார்த்தை திருப்பிப் பேசவில்லை. வேகமாக வந்தார். டியூபை அடைத்தார். மருந்துத் தண்ணீர் ஏற்றி ஊசியைச் சரி செய்தார். அடுத்த பாட்டிலை மாட்டினார். "ஒண்ணும் பயமில்லைங்க பாய், டிரிப் தீர்ந்தா இப்படித்தான் ஏறும்" என்று சொல்லிவிட்டுத் திரும்பவும் அந்தத் திரைக்குள் போனார்.

ஃபஜ்ருக்கு ஒளு செய்யப் போகும்போதுதான் தெரிந்தது. அந்தத் திரைக்குள் இருந்த வாலிபர் அந்த இரவிலேயே இறந்துவிட்டார். நான் கத்திய நேரத்தில் அவருடைய உயிரைப் பிடித்து நிறுத்தத்தான் அந்தச் சகோதரி போராடிக்கொண்டிருந்தார். காலை ஆறரை மணிக்கு அதே சகோதரி வந்து என் அத்தாவின் காலைத் தூக்கித் தன் கையில் வைத்து, புண்ணைக் கழுவி, கட்டு மாற்றினார். "வலிக்குதாய்யா?" என்று கேட்டுக் கேட்டுச் செய்தார். முகத்தில் கோபம் இல்லை. கண் மட்டும் சிவந்திருந்தது.

அவர் போன பிறகு அத்தா என்னைப் பார்த்துக் கேட்டார்கள். "அந்தப் புள்ளகிட்ட மன்னிப்பு கேட்டியா?" நான் தலையைக் குனிந்துகொண்டேன். "கேக்கறேன் அத்தா" என்றேன். அன்று அவர் டூட்டி முடிந்து போய்விட்டார். மறுநாள் அவருக்கு லீவு. அதற்கடுத்த நாள் அவர் வந்தபோது சுற்றி ஆட்கள் இருந்தார்கள், எனக்குக் கூச்சமாக இருந்தது. பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டேன். அத்தாவை டிஸ்சார்ஜ் செய்து வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகும் இரண்டு முறை கேட்டார்கள். ஒரு மாதம் கழித்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஒப்பந்தம் முடிந்து அவர் வேறு ஊருக்குப் போய்விட்டார் என்றார்கள். எந்த ஊர் என்று அங்கிருந்தவர்களுக்குத் தெரியவில்லை. அவருடைய முழுப் பெயர்கூட எனக்குத் தெரியாது.

அடுத்த வருடம் அத்தா மவுத்தாகிவிட்டார்கள். அவர்கள் என்னிடம் கேட்ட அந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

கபுரடியில் அழுத பெண்

ஒரு பெண்மணி கபுரடியில் அமர்ந்து அழுதுகொண்டிருந்தார். அவ்வழியே வந்த நபி (ஸல்) அவர்கள் அல்லாஹ்வை அஞ்சுமாறும் பொறுமையாக இருக்குமாறும் அவரிடம் சொன்னார்கள். வந்திருப்பவர் யாரென்று அறியாத அவர், என்னை விட்டு விலகிப் போங்கள், எனக்கு வந்த துன்பம் உங்களுக்கு வரவில்லை என்று பேசிவிட்டார். நபியவர்கள் கோபப்படவில்லை, திரும்பிச் சென்றுவிட்டார்கள். அவர்கள் அல்லாஹ்வின் தூதர் என்று யாரோ சொன்ன பிறகு அந்தப் பெண்மணி நபியவர்களின் வாசலுக்கே வந்து, உங்களை எனக்குத் தெரியாமல் போயிற்று என்று சொன்னார். துன்பம் தாக்கும் முதல் வேளையில் காட்டுவதே பொறுமை என்று நபியவர்கள் பதிலளித்தார்கள். இது புகாரியில் உள்ள ஹதீஸ்.

இந்த ஹதீஸை நாம் பொறுமைக்கு ஆதாரமாக ஓதுகிறோம். ஆஸ்பத்திரியில் நிற்கும் நமக்கு இதில் மூன்று பாடங்கள் உண்டு. துன்பம் வந்தால் நாக்கு தவறும். எதிரில் நின்று அதைத் தாங்கிக்கொள்வது நபிமார்களின் குணம்; ஒவ்வொரு நர்ஸும் ஒவ்வொரு இரவும் அதைத் தாங்குகிறார். மூன்றாவது, தவறு தெரிந்த உடனே அந்தப் பெண்மணி வீடு தேடி வந்தார். நான் போகவில்லை. நாளைக்குக் கேட்கலாம் என்று இருந்துவிட்டேன்.

முதல் வேளை என்பதைக் கவனியுங்கள். ஆஸ்பத்திரியில் மவுத் செய்தி வந்தவுடன் நம் வாயிலிருந்து முதலில் வர வேண்டியது இன்னா லில்லாஹி. ஆனால் சில இடங்களில் முதலில் வருவது கூச்சலும் கண்ணாடி உடையும் சத்தமும்தான். மய்யித்தைக் குளிப்பாட்டி, கஃபனிட்டு, தொழவைக்க வேண்டிய நேரத்தில் போலீஸ் ஸ்டேஷனில் நிற்கிறோம். மவுத்தானவருக்கு நாம் செய்யும் கடைசி மரியாதை அதுவா?

தவ்பாவால் மட்டும் தீராத கடன்

அல்லாஹ்வுக்கும் நமக்கும் இடையில் உள்ள பாவத்தை அவன் நாடினால் மன்னிப்பான். மனிதர்களின் ஹக் அப்படியல்ல. யாருடைய மானத்திலாவது கைவைத்திருந்தால், தீனாரும் திர்ஹமும் செல்லாத நாள் வருவதற்கு முன் இன்றே அவரிடம் கணக்குத் தீர்த்துக்கொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் எச்சரித்ததை இமாம் புகாரி பதிவு செய்கிறார்கள். தொழுகை, நோன்பு, ஜகாத்துடன் வந்தும், ஒருவரைத் திட்டியதாலும் ஒருவர் மீது பழி போட்டதாலும் ஒருவரை அடித்ததாலும் நன்மைகளையெல்லாம் இழந்து நிற்பவரே என் உம்மத்தில் ஓட்டாண்டி என்று நபியவர்கள் சொன்ன ஹதீஸ் முஸ்லிமில் இருக்கிறது.

யோசித்துப் பாருங்கள். உறவினரிடம் தவறாகப் பேசினால் பெருநாளன்று முஸாஃபஹா செய்து சரி செய்துகொள்ளலாம். பக்கத்து வீட்டுக்காரரை நாளை காலையே பார்க்கலாம். ஆஸ்பத்திரியில் பார்த்த நர்ஸை மறுபடி எங்கே பார்ப்போம்? டிஸ்சார்ஜ் ஆனதும் அவர் வேறு நோயாளிக்கும், நாம் வேறு வேலைக்கும் போய்விடுகிறோம். அதனால்தான் அங்கே பேசும் ஒவ்வொரு வார்த்தையிலும் கூடுதல் கவனம் வேண்டும். அது திருப்பிச் செலுத்த முகவரி இல்லாத கடனாகிவிடும்.

"அவங்க நம்ம ஆளு இல்லையே ஹழ்ரத்" என்று ஒருவர் என்னிடம் சொன்னார். நபியவர்களின் நன்றி அப்படி ஆள் பார்க்கவில்லை. முத்இம் இப்னு அதீ இஸ்லாத்தை ஏற்காமல் இறந்தவர். தாயிஃபிலிருந்து மனம் நொந்து திரும்பிய நபியவர்களுக்கு மக்காவில் அவர்தான் பாதுகாப்புக் கொடுத்தார். பத்ர் யுத்தம் முடிந்தபோது, முத்இம் உயிரோடு இருந்து இந்தக் கைதிகளுக்காகப் பரிந்து பேசியிருந்தால் அவருக்காக இவர்களை விட்டிருப்பேன் என்று நபியவர்கள் சொன்னார்கள். மனிதர்களுக்கு நன்றி செலுத்தாதவன் அல்லாஹ்வுக்கு நன்றி செலுத்தியவனாக மாட்டான் என்ற ஹதீஸிலும், முஸ்லிம்களுக்கு என்று வரவில்லை, மனிதர்களுக்கு என்றே வந்திருக்கிறது. அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிவிட்டு அல்லாஹ் காரணமாக்கிய கையைத் தட்டிவிட்டால், அந்த அல்ஹம்துலில்லாஹ் முழுமையாகுமா?

நம் வீட்டுப் பெண் நர்ஸானால்?

கசப்பாக இருந்தாலும் இதைச் சொல்லிவிடுகிறேன். நம் மனைவிக்குப் பிரசவம் என்றால், "லேடீஸ்தான் இருக்கணும், நம்ம பொண்ணு யாராவது இருந்தா நல்லாயிருக்கும்" என்கிறோம். நியாயமான ஆசை. ஆனால் நம் தெருவில் ஒரு பெண் நர்சிங் முடித்து வேலைக்குப் போனால் என்ன பேசுகிறோம்? "நைட் டூட்டிக்குப் போற பொண்ணு" என்று ஒரு மாதிரி இழுத்துச் சொல்கிறோம். அந்த ஒரு சொல்லால் எத்தனை சம்பந்தம் முறிந்திருக்கிறது!

பத்தினிப் பெண்கள் மீது அவதூறு சொல்லி நான்கு சாட்சிகளைக் கொண்டுவராதவர்களுக்கு எண்பது கசையடி என்றும், அவர்களின் சாட்சியத்தை ஒருபோதும் ஏற்காதீர்கள் என்றும் சூரத்துன் நூர் கட்டளையிடுகிறது. அந்தச் சட்டம் பேச்சை இழுத்து அரைகுறையாகச் சொல்பவருக்குப் பொருந்துமா என்று ஃபிக்ஹு விவாதம் செய்ய நான் வரவில்லை. அல்லாஹ் ஒரு பெண்ணின் மானத்துக்கு எவ்வளவு பெரிய வேலி போட்டிருக்கிறான் என்பதைப் பாருங்கள். இரவு முழுவதும் நம் தாயின் பக்கத்தில் விழித்திருந்துவிட்டுக் காலையில் வீடு திரும்பும் பெண்ணின் மீதா அந்த வேலியைத் தாண்டுவது?

நாம் செய்ய வேண்டியவை

ஜமாஅத்தார்களே! கேட்டுவிட்டுக் கலைந்து போகாமல் சில காரியங்களை நிய்யத் வைத்துக்கொள்வோம்.

நோயாளியிடம் ஒருவர் இருந்தால் போதும். நலம் விசாரிப்பது ஸுன்னத். கூட்டம் போடுவது ஸுன்னத் அல்ல. போய், துஆ செய்து, சீக்கிரம் திரும்புங்கள்.

நர்ஸை "சிஸ்டர்" என்று அழைத்து, வாங்க, போங்க என்று பேசுங்கள். வயதில் சின்னப் பெண்ணாக இருந்தாலும் அப்படித்தான். பத்து வருடம் பணிவிடை செய்த அனஸ் (ரலி) அவர்களை நபியவர்கள் ஒருமுறைகூட "சீ" என்று சொன்னதில்லை. பத்து நாள் பணிவிடை செய்பவரிடம் நாம் எப்படி நடக்க வேண்டும்?

தவறு நடந்தால் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. அலட்சியமாக இருந்தாலும், காசு கேட்டாலும் பொறுத்துக்கொண்டு போங்கள் என்று நான் சொல்லவில்லை. வார்டு பொறுப்பிலுள்ள செவிலியரிடமோ மருத்துவ அதிகாரியிடமோ சொல்லுங்கள், எழுதிக் கொடுங்கள். 104 என்ற அரசு எண்ணுக்குப் பேசுங்கள். கத்துவதால் நோயாளிக்கு எந்த நன்மையும் இல்லை. பதறிய கைகளால் ஊசி போட்டால் யாருக்கு நஷ்டம்?

வீட்டுக்குப் புறப்படும்போது டாக்டர் அறைக்கு மட்டும் போகாமல் நர்ஸ் மேஜைக்கும் போங்கள். ஜஸாகல்லாஹ் என்று சொன்னாலும் சரி, ரொம்ப நன்றி சிஸ்டர் என்று சொன்னாலும் சரி. பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். உபகாரம் செய்தவருக்கு ஈடு செய்ய முடியாவிட்டால், ஈடு செய்துவிட்டோம் என்று மனம் சொல்லும்வரை அவருக்காக துஆ செய்யுமாறு நபியவர்கள் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். முஸ்லிமாக இல்லாவிட்டாலும் அவருடைய நேர்வழிக்காக, நலத்துக்காக, பிள்ளைகளுக்காக துஆ செய்யலாம்.

கடைசியாக, யாரையாவது நோகடித்துவிட்டோம் என்று இப்போது நினைவுக்கு வருகிறதா? அந்த ஆஸ்பத்திரி நம் ஊரில்தான் இருக்கிறது. தொழுது முடித்துவிட்டு இன்று அஸருக்குள் போய்வாருங்கள். ஒரு நிமிட வேலை அது. கூச்சப்பட்டுத் தள்ளிப் போடாதீர்கள். தள்ளிப் போட்ட ஒருவன்தான் உங்களிடம் பேசிக்கொண்டிருக்கிறேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை வரும் துஆச் சீட்டுகளில் நோயாளியின் பெயருக்குக் கீழே அவரைப் பார்த்துக்கொள்ளும் செவிலியரின் பெயரையும் எழுதிக் கொடுங்கள். இன்ஷா அல்லாஹ், இரண்டு பெயர்களையும் சேர்த்தே துஆ செய்வோம்.

யா அல்லாஹ்! எங்கள் நோயாளிகளுக்கு முழுமையான ஷிஃபாவைக் கொடுப்பாயாக! அவர்களுக்காக இரவில் விழித்திருக்கும் செவிலியர்களின் உடலுக்கும் உள்ளத்துக்கும் வலிமை கொடுப்பாயாக! அவர்களின் மானத்தையும் உயிரையும் பாதுகாப்பாயாக! அவர்களின் பிள்ளைகளை நல்லோராக வாழ வைப்பாயாக! எங்கள் நாவால் காயப்பட்டு, நாங்கள் தேடியும் கண்டுபிடிக்க முடியாமல் போனவர்களுக்கு உன் கருணையிலிருந்து நிறைவாகக் கொடுத்து, எங்கள் மீது அவர்களின் உள்ளம் பொருந்திக்கொள்ளும்படி செய்வாயாக! மவுத்தான எங்கள் பெற்றோரின் கபுருகளை ஒளிமயமாக்குவாயாக! ஆமீன். ஆமீன். யா ரப்பல் ஆலமீன்.

அஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.